சினைமீனுக்குக் கொடுத்த கோப்பை

நான் முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதுவும் சாதாரண முட்டாள் இல்லை. பத்து நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவைக்கப்பட்ட முட்டாள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மதுக்கரை தாண்டி, வாளையாறு தாண்டி, கேரளாவுக்கு ரயிலேற வேண்டிய ஊர் எங்களுடையது. அந்த ஊரில், மலையடிவாரத்து அணை ஒன்றில், கடலில் வாழும் கல் இறாலுக்காக (லாப்ஸ்டர் என்பார்களே, அதற்காக) எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டுவந்து போட்டவன் நான். அந்த அணையில் கல் இறால் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே என் காலத்தில் சட்டத்தை மீறிப் பிடிபட்ட கல் இறாலும் ஒன்றுகூடக் கிடையாது. என் பணி வாழ்க்கையில் முழு வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

அணையின் மீன்பிடிப்புக்கு அப்போது நான் மேலாளர். வீடு துடியலூரில். வாழையும் தென்னையும் தெரிந்த குடும்பம். மீன் அடுப்பேறாத வீடு. வேலை கிடைத்த சேதியைச் சொன்னபோது அம்மா சந்தோஷப்படவில்லை.

“ஏங்கண்ணு, ஊருல இருக்கற பசங்க எல்லாம் பம்புசெட்டுக் கம்பெனிக்குப் போகுது. உனக்கு மட்டும் மீனு நாத்தம் கேக்குதா?” என்றாள். பிறகு தீர்ப்பு வந்தது. “பொடக்காலியில தண்ணி காய வெச்சிருப்பேன். தெனமும் அங்கயே குளிச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும்.”

அதனால் அலுவலக வாசலில் ‘மேலாளர்’ என்று பலகை மாட்டியிருந்த நான், சொந்த வீட்டுக்குள் கொல்லைப்புறமாக, ஈரத் தலையோடு நுழைந்துகொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அணையைச் சுற்றிப் பார்க்கப் பரிசலில் ஏறினேன். பரிசல் என்பது வட்டமானது. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. என் வயிற்றுக்கும் அன்று அப்படித்தான் ஆயிற்று. நடு அணையில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, காலையில் சாப்பிட்ட சந்தகை முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்தேன். துடுப்புப் போட்ட அம்மாள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்:

“மீனுக்குத் தீனி போட்டாச்சுங்களே சார். திருப்பிக்கலாங்களா?”

அந்த அணையில் பரிசல் உரிமம் வைத்திருந்த ஒரே பெண் அவர்தான். கணவர் இறந்த பிறகு உரிமம் அவர் பெயருக்கு மாறியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. அந்த உரிமச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, ரவிக்கைக்குள் வைத்திருப்பார். பரிசல் கவிழ்ந்தாலும் அது நனையக் கூடாது. அது இருக்கும்வரை அணையில் வலை போடலாம், வீட்டில் அடுப்பு எரியும். அது போனால் பரிசல் வெறும் கூடை.

அணையில் இரண்டு கூட்டம். வாரம் முழுவதும் அக்காவைப் போன்ற உரிமக்காரர்கள்; பிழைப்புக்கு வலை போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பீளமேட்டிலிருந்து பைக்கிலும் காரிலும் வரும் தூண்டில்காரர்கள். பொழுதுபோக்குக்குச் சீட்டு வாங்குகிறவர்கள். இவர்கள் வலையில் அவர்கள் தூண்டில் முள் சிக்கும். அவர்கள் உட்காரும் இடத்தில் இவர்கள் பரிசல் போகும். இரண்டு கூட்டமும் என்னிடம்தான் வந்து கத்தும். நான் இரண்டு பக்கமும் ஒரு ஜோக் சொல்லி அனுப்பிவிடுவேன். என்னிடம் இருந்த ஒரே நிர்வாகத் திறமை அதுதான்.

இந்த நேரத்தில்தான் என்னைக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நிபுணர், எங்கோ தொலைவில் இருக்கும் குளிர்ந்த கடலைப் பற்றித் திரையில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் கடலிலும் இரண்டு கூட்டம். படகு வைத்துக் கூண்டு இறக்கிக் கல் இறால் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். விடுமுறைக்கு வந்து ஆசைக்கு இரண்டு பிடித்துப்போகும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஒரே சட்டம். அளவு பார்க்க ஒரு கருவி. அதைவிடச் சின்னதானால் திரும்பக் கடலில் விட வேண்டும். வயிற்றில் முட்டை ஒட்டியிருந்தால் விட்டுவிட வேண்டும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை கடல் மூடல். ஆசைக்குப் பிடித்ததன் வால் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். வால் வெட்டியது சந்தைக்கு வந்தால் விற்றவன் குற்றவாளி.

அழகான சட்டம். அந்தக் கடலுக்கு.

நான் இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். கடைசி நாள் விருந்தில் எல்லோருக்கும் தட்டில் கல் இறால் வந்தது. நான் தயிர்சாதம் கேட்டேன். நிபுணர் என்னைப் பரிவோடு பார்த்தார். அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும், கோயமுத்தூரில் பிறந்த எவனும் எந்தக் கவலைக்கும் எங்கே போவானோ அங்கே போனேன்: லேத்துப் பட்டறைக்கு. உக்கடம் பக்கம் ஒரு பாய், வெட்டிக் கடைந்து எதையும் செய்து தருவார். மீன் அளக்கும் பித்தளைத் தட்டு ஒன்றுக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். அவர் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“மீனையா அளக்கோணும்? அளந்து என்னுங்க பண்ணுவீங்க, சட்டை தைப்பீங்களா?”

“சின்னதா இருந்தா தண்ணியில விட்டுருவோமுங்க பாய்.”

“அதுக்கு எதுக்குங்க பித்தளை? கண்ணு போதாதுங்களா?”

அவருக்கு அறிவியல் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தட்டு பளபளவென்று வந்தது. வால் வெட்டக் கத்தரி ஒன்றும் வாங்கினேன். வால் வெட்டிய மீன் உரிமக்காரர் கையில் இருந்தால் குற்றம் என்று விதியும் எழுதினேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அணை மூடல் என்று அறிவிப்புப் பலகை நட்டேன். மழைக்காலத்தில் மீன் சினைப்படும் என்று எனக்கும் தெரியும். மழைக்காலம் ஜூன், ஜூலை என்று காலண்டருக்கும் தெரியும். பிறகென்ன?

ஆனால் பரிசல்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு மூடல் உண்டு. மலையில் மழை பெய்து, ஆற்றில் முதல் செந்தண்ணீர் இறங்கும் நாளில், ஆறு அணையில் சேரும் இடத்தில் ஒரு மூங்கில் நட்டு, உச்சியில் வேப்பங்கொத்துக் கட்டுவார்கள். புதுத்தண்ணீரின் வாசனைக்குச் சினைமீன்கள் கூட்டமாக ஆற்று வாய்க்கு ஏறும். அந்தக் கொத்து காய்ந்து, கடைசி இலையும் உதிரும்வரை எந்தப் பரிசலும் மூங்கிலைத் தாண்டாது. எந்தத் தேதி என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் வரும் தேதி.

என் சட்டம் வந்த வருடம், ஜூன் மாதம் வானம் துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது. ஜூலையும் அப்படியே போனது. சொட்டு மழையில்லை. சினைப்படாத மீன்களுக்காக இரண்டு மாதம் அணையை மூடிவைத்தேன். பரிசல்காரர்கள் தோட்ட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்ச் சமாளித்தார்கள். ஆகஸ்டு பிறந்ததும் அணையைத் திறந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டி என்று அறிவித்தேன். போட்டி என் யோசனை. கோப்பையும் என் தேர்வு. இரண்டு கைப்பிடி, உச்சியில் துள்ளும் மீன்.

வெள்ளிக்கிழமை மலையில் மழை கொட்டியது. சனிக்கிழமை காலை அக்கா அலுவலகத்துக்கு வந்தார்.

“சார், தண்ணி செகப்பா எறங்கிப்போட்டுதுங்க. மூங்கில நட்டாச்சுங்க.”

“ஏனுங்கக்கா, ரெண்டு மாசம் மூடித்தானுங்களே வெச்சிருந்தோம். மறுபடியுமா?”

“அது உங்க லீவுங்க. மீனோட லீவு இப்பத்தானுங்க ஆரம்பிக்குது.”

“உங்க மீனு காலண்டரே பாக்காதுங்களா?”

“வாங்கிக் குடுங்க, தண்ணிக்குள்ள மாட்டிப்போடறோம்” என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “போட்டிய ஒரு இருவது நாளு தள்ளி வையுங்க சார். நாங்களும் சோலி இல்லாமத்தான் கெடக்கறோம். ஆனாப் பரிசல எறக்கலைங்க, பாருங்க.”

அதை நான் கவனித்திருக்க வேண்டும். இரண்டு மாதம் மீன் வருமானமில்லாமல் கிடந்தவர்கள், அணை திறந்த பிறகும் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேப்பங்கொத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ பந்தல் போட்டாகிவிட்டது. மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. “பாக்கலாமுங்க” என்றேன். அதற்கு ‘முடியாது’ என்று அர்த்தம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை பீளமேட்டுக் கூட்டம் வந்து இறங்கியது. எல்லாம் படித்த பிள்ளைகள், மரியாதையான பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவர் போன்ற ஒரு பொறியாளர் ஆற்று வாயைக் காட்டிக் கேட்டார்:

“அந்த மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போலாங்களா சார்? மீனு தண்ணிய அப்பிடிக் கலக்குது.”

என் சட்டப் புத்தகத்தில் மூங்கில் இல்லை. நானே பேண்ட்டை மடித்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். வேப்பிலை பச்சையாக இருந்தது. மைக்கில், “அம்மனுக்கு லீவு விட்டாச்சுங்க, ஆரம்பிக்கலாம்” என்றேன். கைதட்டினார்கள். கரை மேல் பரிசல்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் யாரும் கைதட்டவில்லை.

மீன் கூட்டம் அன்று அவ்வளவு நெருக்கம். இரையைத் தொடாத மீனுக்கும் முதுகிலும் விலாவிலும் முள் மாட்டியது. போட்டி விதி எளிது: பிடித்ததும் எடை, ஒரு போட்டோ, பிறகு உயிரோடு தண்ணீரில் விட வேண்டும். ஒரே மீனை இரண்டு முறை எடை போட்டுவிடக் கூடாது என்று, எடை போட்ட ஒவ்வொன்றின் வாலிலும் ஓரத்தை வெட்டினேன். கடற்கரையில் கற்ற வித்தை. மதியத்துக்குள் கத்தரிப் பிடியில் என் விரல் கன்றிப்போனது.

ஜெயித்தது அந்தப் பொறியாளர்தான். அவர் பிடித்தது ஒரு பெரிய கட்லா. குடம் போல வயிறு. கனமான மீனுக்குப் பரிசு என்று அறிவித்தால் சினைமீன்தான் ஜெயிக்கும் என்பது, பத்து நாள் பயிற்சி பெற்ற எனக்குத் தோன்றவில்லை. போட்டோவுக்காக அவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். அழுத்தியதில் முட்டை வெளியே வந்தது. ஊறவைத்த ஜவ்வரிசி போல, அவருடைய புதுச் சட்டையில் வழிந்து, பேண்ட்டில் இறங்கி, செருப்பில் சேர்ந்தது. எல்லோரும் ஒரு நொடி திகைத்தார்கள். திகைப்பைக் கலைப்பது என் தொழில். மைக்கை எடுத்தேன்.

“பிரசவம் இலவசமுங்க!”

பந்தல் அதிர்ந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. கோப்பையை என் கையால் கொடுத்தேன். கட்லாவைத் தண்ணீரில் விட்டார்கள். அது கொஞ்ச தூரம் போய், சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டி, மறுபடி நிமிர்ந்து, மறைந்தது. போய்விட்டது என்று எல்லோரும் சொன்னோம்.

புதன்கிழமை. நான் மேஜையில் போட்டி அறிக்கையை முடித்திருந்தேன். ‘பிடிக்கப்பட்ட மீன்கள் அனைத்தும் உயிருடன் விடப்பட்டன’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எதிர் நாற்காலியில் அந்தப் பொறியாளர், சான்றிதழ் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே ஈரச் சாக்கு. கூடைக்கு முன்னாலேயே நாற்றம் உள்ளே வந்துவிட்டது.

“சார், இதக் கொஞ்சம் பாருங்க” என்று சாக்கை விலக்கினார். உப்பிப்போன மீன்கள். ஒவ்வொன்றின் வாலிலும் என் கத்தரி. “ரெண்டு நாளா ஒதுங்குதுங்க. ஆத்து வாயி பூராக் கெடக்குதுங்க. நான் எடுத்தாந்தது கொஞ்சந்தான். முட்டை அத்தனையும் உள்ளயே இருக்குதுங்க, ஒண்ணும் எறங்கலைங்க. இப்பவாச்சும் அந்தப் பக்கம் தூண்டில நிறுத்திப்போடுங்க. எங்க மூங்கில நட்டுக்கறோம்.”

நான் கூடையைப் பார்த்தேன். அறிக்கையைப் பார்த்தேன். பொறியாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன்.

“ஏனுங்கக்கா, வாலு வெட்டுன மீனு உங்க கூடைக்கு எப்பிடிங்க வந்துது?”

அக்கா சிரித்தார். எப்போதும்போல நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இதை எழுதும்போது எனக்கு நினைவில் இருப்பது அந்த நாற்றம் இல்லை, அந்தச் சிரிப்பு. அவர் சிரித்து முடிப்பதற்குள், நான் சொன்னது ஜோக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வால் வெட்டிய மீன் உரிமக்காரர் கையில் இருந்தால் குற்றம். நானே எழுதிய விதி. இந்தக் கூடை ‘செத்த மீன்’ என்றால் என் அறிக்கை பொய். இந்தக் கூடை ‘திருட்டு மீன்’ என்றால் அறிக்கை அப்படியே நிற்கும்.

இழுப்பறையைத் திறந்து, உரிமத்தை நிறுத்திவைக்கும் படிவத்தை எடுத்தேன்.

“விதிங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார், இன்னும் ஜோக் முடியவில்லையோ என்பதுபோல. பிறகு கழுத்து நூலைத் தலைவழியாகக் கழற்றி, பிளாஸ்டிக் உறையோடு உரிமத்தை மேஜை மேல் வைத்தார். உறை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கூடையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். பொறியாளர் மெதுவாக, “கேஸு ஸ்ட்ராங்குங்களா சார்?” என்று கேட்டார். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

உரிமம் ஒரு வருடத்துக்கு நிறுத்தம். திரும்பக் கொடுக்க மேலாளர் நன்னடத்தைச் சான்று எழுதித் தர வேண்டும். அந்த வருடம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்தது. எழுதித் தராமலே போனேன். மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் பரிசல் வெயிலில் கவிழ்ந்தே கிடந்து, மூங்கில் பிளந்து, தார் உரிந்து போனதாகக் கேள்வி. அடுத்தடுத்த வருடங்களில் மற்றவர்கள் வலையிலும் உள்ளங்கை அளவு ஜிலேபி மீன்தான் விழுந்ததாம். என் பித்தளைத் தட்டு கட்லாவுக்குச் செய்தது. ஜிலேபி கிழவியானாலும் தட்டின் அளவுக்கோட்டைத் தொடாது. சட்டப்படி அதையும் தண்ணீரில்தான் விட வேண்டும்.

ஆரம்பத்தில் என்னை முட்டாள் என்று சொல்லிக்கொண்டேன் அல்லவா? மூங்கிலைப் பிடுங்கியவரைக்கும் அது சரி. புதன்கிழமைக்கு அந்தச் சொல் செல்லாது. அன்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முட்டாள் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: கேட்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள், அதற்கு மேல் கேட்பதில்லை.

ஓய்வு பெற்றபின், போன வருடம், அந்தப் பொறியாளர் போனில் கூப்பிட்டார். பீளமேட்டில் அவர் அலுவலகத்தில், ‘பொறுப்பான தூண்டில்’ என்று நான் பேச வேண்டுமாம். போனேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோப்பை. இரண்டு கைப்பிடி, உச்சியில் துள்ளும் மீன். தூசியே இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள் என்று நினைத்தபடி உள்ளே போய், வாந்தி எடுத்த கதை, லேத்துப் பட்டறைக் கதை எல்லாம் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். மூங்கில் கதையைச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்து, காருக்காக நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, நீலச் சீருடையில் அக்கா துடைப்பானும் வாளியுமாக வந்தார். கழுத்தில் நாடா, நாடாவில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அலுவலக அடையாள அட்டை.

“ஏனுங்கக்கா, அடையாளம் தெரியுதுங்களா?”

“தெரியுதுங்க.”

“நல்லா இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க.”

அவர் அறையின் மறுகோடியில் ஆரம்பித்துத் துடைத்துக்கொண்டே வந்தார். துடுப்புப் போட்ட அதே கை வீச்சு. “இங்க தரை ஆடாதுங்க, நான் வாந்தி எடுக்க மாட்டேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான், இருபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்த மீனெல்லாம் போட்டியில் செத்த மீன் என்று எனக்கு அன்றே தெரியும் என்றேன். என் பேரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்துபோட்டேன் என்றேன். இப்போதே ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அணை அலுவலகத்துக்கு நேரில் வந்தும் சொல்கிறேன், உரிமம் கட்டாயம் திரும்பக் கிடைக்கும் என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

துடைப்பான் என் நாற்காலிவரை வந்து நின்றது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“காலத் தூக்குங்க சார், தொடைக்கோணும்.”